பாக்கெட்டா, அடுப்பா? எடைக் குறைப்பும் தென்னேரி வட்டாரத்துச் சாப்பாடும்

வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையில் இருக்கிறது தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இந்த ஊருடையது. அதன் தண்ணீரில் நெல் விளைகிறது. மேற்கே போனால் முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, காஞ்சிபுரம் என்று தறி ஊர்கள். கிழக்கேயும் வடக்கேயும் ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஆலை ஊர்கள். உழவு, நெசவு, ஷிப்டு வேலை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் வட்டாரம் இது. நாற்று நட்டு, களை பறித்து வந்த உடம்புக்கு வேண்டியிருந்த அதே அளவுச் சோறு, இன்று தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கும், ஆலையில் நின்ற இடத்தில் நிற்பவருக்கும் பரிமாறப்படுகிறது. இடையில் டீக்கடை பிஸ்கட், பத்து ரூபாய் நொறுக்கு, இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் நூடுல்ஸ்.

விளைவு, "டயட்" என்ற சொல் கிராமத்து மளிகைக் கடை வரை வந்துவிட்டது. கூடவே ஓட்ஸ், சிறுதானிய பிஸ்கட், சர்க்கரையில்லா ரஸ்க், புரோட்டீன் பவுடர் எல்லாம் வந்துவிட்டன. எடை குறைக்க நினைப்பவர் எதை நம்பலாம்? அளவு அச்சிட்டு வரும் பாக்கெட்டையா, வீட்டு அடுப்பையா? இரண்டு பக்கத்திலும் சான்றுகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலவரம்

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கு உடல் நிறைக் குறியீடு 25 என்ற எல்லையை வைத்துப் போடப்பட்டது. இந்தியர்களுக்கு 23இலேயே அதிக எடை தொடங்குகிறது, 25இல் பருமன் என்பது நம் மருத்துவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். 160 செ.மீ. உயரமுள்ளவர் 59 கிலோவைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று பொருள்.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தேசிய விகிதம் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. ஆகவே இங்கே எடைக் குறைப்பு அழகுக்கான ஆசை மட்டுமல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகும் பலருக்கு அங்கே கிடைக்கும் முதல் அறிவுரையே "எடையைக் குறையுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். எப்படி என்பதுதான் வீட்டுக்கு வந்தபின் எழும் கேள்வி.

செலவுக் கணக்கும் மாறிவிட்டது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற தலைப்பு கிராமத்துக் குடும்பச் செலவில் 9.84 சதவீதத்தையும் நகரத்தில் 11.09 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கிறது. உணவுச் செலவுகளில் இதுவே முதலிடம்; பாலும் காய்கறியும் அதற்குப் பின்னால்தான். இந்தத் தலைப்புக்குள் டீக்கடைக் கணக்கும் ஓட்டல் சாப்பாடும் அடக்கம் என்பதால் அத்தனையும் பாக்கெட் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு அடுப்புக்கு வெளியே போகும் பணம் கிராமத்திலும் பெருகிவிட்டது என்று சொல்லலாம்.

பதப்படுத்தல் எல்லாம் ஒன்றல்ல

பாக்கெட் என்றாலே தீங்கு என்று தொடங்கினால் விவாதம் தவறான இடத்தில் நிற்கும். நெல்லை அவிப்பதும் பதப்படுத்தல்தான். பருப்பை உடைப்பதும், பாலைத் தயிராக்குவதும் அப்படியே. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோ 2009இல் முன்வைத்த நோவா வகைப்பாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. அரிசி, பருப்பு, காய், பால், முட்டை முதல் வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை, நெய் போன்று சமையலுக்குத் துணை நிற்பவை இரண்டாம் வகை. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஊறுகாய், உப்புக் கடலை போன்றவை மூன்றாம் வகை. நான்காவது, அதீதமாகப் பதப்படுத்தியவை: வீட்டுச் சமையலறையில் இல்லாத மாவுச்சத்துப் பொடிகள், சுவையூட்டிகள், நிறமிகள், எமல்சிஃபையர்கள் சேர்த்து ஆலையில் உருவாக்கப்படுபவை. நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், குளிர்பானம், பெரும்பாலான சத்து பானப் பொடிகள் இதில் வரும்.

தென்னேரிக் கடைத்தெருவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் சில வியப்புகள் உண்டு. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு மட்டும் சேர்த்து அரைத்த இட்லி மாவு பாக்கெட் ஏறக்குறைய வீட்டு மாவேதான். வறுத்த கடலையும் உடைத்த கோதுமையும் குற்றமில்லாதவை. சுடுதண்ணீர் ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் தயாராகும் மசாலா ஓட்ஸ், வெறும் ஓட்ஸின் பங்காளி அல்ல. உப்பும் சுவையூட்டியும் சேர்ந்து வேறு வகைக்குப் போய்விட்டது.

அவசர உணவு நமக்குப் புதிதும் அல்ல. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், வடகம், நீர் ஊற்றி வைத்த பழைய சோறு இவையெல்லாம் நேரமில்லாத நாளுக்காக நம் வீடுகள் முன்கூட்டியே செய்து வைத்தவை. ஆகவே வசதி என்பது குற்றமல்ல. அந்த வசதியை யார், எந்த நோக்கத்தோடு வடிவமைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

சோதனைகள் சொல்வது

இந்தத் துறையின் திருப்புமுனை, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனை. 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதீதப் பதப்பட்ட உணவு, இரண்டு வாரம் பதப்படாத உணவு. முன்னே வைத்த தட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். அதீதப் பதப்பட்ட உணவு தந்தபோது, சராசரியாக ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். பதப்பட்ட உணவை அவர்கள் வேகமாகத் தின்றார்கள் என்பதும் பதிவானது. மெல்ல வேண்டாத உணவு, வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போவதற்குள் உள்ளே போய்விடுகிறது.

அந்த 500 என்ற எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைப்பது பாதுகாப்பானது என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதற்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைய வேண்டும். டயட்டில் இருப்பவர் பாடுபட்டு எதைக் குறைக்கிறாரோ, அதை அவர் அறியாமலே திருப்பிக் கொடுத்துவிடக்கூடியது உணவின் வடிவம்.

2025இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்ட சோதனை இதைச் சற்று நிதானப்படுத்தியது. 55 பேர், எட்டு வாரம் ஒரு வகை, எட்டு வாரம் மறு வகை. இரண்டு உணவும் பிரிட்டன் அரசின் நல்லுணவு வழிகாட்டிக்கு உட்பட்டவை. குறைவாகப் பதப்பட்ட உணவில் எடை 2.06 சதவீதம் குறைந்தது. அதீதப் பதப்பட்டதில் 1.05 சதவீதம். தேர்ந்தெடுத்து வாங்கினால் பாக்கெட் உணவிலும் எடை இறங்குகிறது. ஆனால் பாதியளவே இறங்குகிறது.

பாக்கெட் வென்ற இடம்

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்று ஒன்று உண்டு. பிரிட்டனில் மைக்கேல் லீன், ராய் டெய்லர் தலைமையில் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான டைரக்ட் சோதனையில், நீரிழிவு உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரும் சூப்பும் ஷேக்கும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இது 4 சதவீதம். ஆலையில் செய்த பொடிதான் இதைச் செய்தது.

இதைக் காட்டித்தான் நம் ஊர்களில் "மாத்து உணவு" டப்பாக்கள் விற்கப்படுகின்றன. விற்பவர் சொல்லாமல் விடும் பகுதிகள் மூன்று. அந்தச் சோதனை முழுக்க மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் முதல் நாளே நிறுத்தப்பட்டன. பொடிக்குப் பிறகு சாதாரண உணவைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரப் பல வாரப் பயிற்சி இருந்தது. ஆதரவு தொடர்ந்தும்கூட, இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36ஆகக் குறைந்தது. பொடி குறுகிய காலச் சிகிச்சை. வாழ்நாள் சாப்பாடு ஆகாது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியோ, எடை குறைக்கும் உணவு நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. புரோட்டீன் பொடிகளையும் தவிர்க்கச் சொல்கிறது. மருத்துவர் இல்லாமல் டப்பா வாங்குபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டின் குறை

இனி அடுப்பின் பக்கம் வருவோம். வீட்டுச் சமையல் என்ற ஒரே காரணத்தால் எடை குறையும் என்றால், பெரும்பாலான வேளை வீட்டில் உண்ணும் தமிழ்நாட்டில் பருமன் இந்த அளவுக்கு ஏறியிருக்காது.

முதல் குறை, சோறு. 2025இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் உணவு ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பதிலாகக் கொஞ்சம் மாவுச்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்ற புரதம் சேர்த்தால் பலன் இருந்தது. 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து 2020இல் வெளியான பியூர் ஆய்வில், நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு நீரிழிவு அபாயம் கூடியது. தெற்காசியாவில்தான் அது மிக அதிகம். பச்சரிசியோ கேழ்வரகோ தினையோ, சமைக்காத 100 கிராமில் கலோரி 320 முதல் 360க்குள்தான். நாரும் சுண்ணாம்புச்சத்தும் வேறுபடும். அளவில்லாமல் தின்னும் சலுகையை எந்தத் தானியமும் தருவதில்லை.

நம் சாப்பாட்டின் அமைப்பே சோற்றைப் பெருக்குவது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்" என்றுதான் போட்டுக்கொள்கிறோம். குழம்பில் உப்பும் புளிப்பும் தூக்கலாக இருந்தால் அதைத் தணிக்கச் சோறு கூடுகிறது. பொரியல் தொட்டுக்கொள்ள மட்டும்.

இரண்டாவது, எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. 2,000 கலோரி உணவுக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய், நெய் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நால்வர் குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் கேன் மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகும் வீட்டில் டயட் எங்கே தோற்கிறது என்று தேட வேண்டியதில்லை.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கோயில் பிரசாதமும் சாப்பாட்டின் ஒரு பகுதி. வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யும் சேர்கிறது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி நீண்ட நேரம் வேகவைக்கிறார்கள். ஆவியில் வெந்தது என்பதால் அது எடையற்றதாகிவிடாது. சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் அப்படியே. ஆனால் பிரசாதத்தில் ஒரு துண்டு, ஒரு தொன்னை என்று அளவு இருந்தது. அதே பண்டம் வீட்டில் காலைச் சிற்றுண்டியாகவும் கடையில் முழுத் தட்டாகவும் மாறியபோது அந்த அளவு காணாமல் போனது.

அட்டையின் இரண்டு பக்கங்கள்

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி சேர்பொருள்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக இருக்க வேண்டும். சிறுதானிய பிஸ்கட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில் என்றிருந்தால் சிறுதானியம் பெயருக்குத்தான். முன்பக்கத்தில் பெருமையாகக் காட்டும் பொருள் எத்தனை சதவீதம் என்பதையும் பின்னால் சொல்லியாக வேண்டும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு வந்து குவிந்த பண்டங்களை வாங்குமுன் அந்தச் சதவீதத்தைப் பார்ப்பது நல்லது.

"சர்க்கரையில்லை" என்பதற்கு 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்று பொருள். மைதாவுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடிக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். செயற்கை இனிப்புகளை எடைக் கட்டுப்பாட்டுக்கு நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. பானப் பொடிகளை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பிலிருந்து நீக்குமாறு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களிடம் சொன்னது.

சிலி நாடு 2016இலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையை முன்பக்கத்தில் கட்டாயமாக்கியது. இங்கே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முன்பக்க எச்சரிக்கை குறித்து முடிவெடுக்க மூன்று மாதக் கெடு விதித்தது; பிறகு அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும் பின்பக்கத்தைப் படிக்க முடியாதவருக்குக் கடைக்காரர் சொல்வதே வேதம் என்ற நிலை இன்னும் மாறவில்லை.

சமைப்பது யார்?

"வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று மருத்துவர் ஆணிடம் சொல்லும் அறிவுரை, வீட்டுக்கு வந்ததும் பெண்ணின் வேலையாகிவிடுகிறது. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் கூலியில்லாமல் அதில் செலவிடுகிறார்கள். கணவருக்கு டயட் சமையல், பிள்ளைகளுக்கு வேறு, மாமனாருக்கு உப்பில்லாமல் என்று மூன்று அடுப்பாகும்போது, சமைக்கும் பெண்ணே டயட்டில் இருந்தால் கடைசியில் அவர் சாப்பிடுவது மிஞ்சியதைத்தான். பட்டுத்தறிக்கு ஊடை சுற்றிக் கொடுக்கும் கையும், பாவு ஓட்டும்போது உதவும் கையும் பெரும்பாலும் அதே பெண்ணின் கைதான். அவர் மாலையில் நூடுல்ஸ் பாக்கெட்டை உடைத்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அடுப்பே இல்லாதவர்களும் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆலை விடுதிகளில் தங்கும் வெளியூர்ப் பெண்களுக்கு விடுதிச் சாப்பாடு விட்டால் பாக்கெட்தான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்து, ஆலையே சில வாரம் மூடிக்கிடந்தது. வீட்டுச் சமையலின் மேன்மையை இவர்களிடம் போதிப்பதில் பயனில்லை. விடுதியில் முட்டையும் சுண்டலும் காயும் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் பயன்.

நடைமுறையில்

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி தெளிகிறது. பாக்கெட்டைச் சமையல் பொருளாக வாங்கலாம். முழுச் சாப்பாடாக வாங்கக்கூடாது. மாவு பாக்கெட், உடைத்த பயறு, வெறும் ஓட்ஸ், தயிர், நறுக்கிய கீரை, வறுத்த கடலை ஆகியவை நேரத்தை மிச்சப்படுத்துகின்றன; அளவு நம் கையிலேயே இருக்கிறது. நூடுல்ஸ், ரஸ்க், சுவையூட்டிய பானம் ஆகியவற்றில் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் ஆலையிலேயே முடிவாகிவிட்டன. 70 கிராம் நூடுல்ஸ் சுமார் 300 கலோரி; அதில் புரதம் சொற்பம், காய் இல்லை. அதே கலோரிக்கு மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் வரும்.

வீட்டில் மாற்ற வேண்டியது பண்டத்தையல்ல, விகிதத்தை. குழம்புக்கு மட்டும் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடிக்கலாம். பொரியல் தட்டின் பாதியை அடைக்கட்டும். தேசிய வழிகாட்டி நாளுக்கு 400 கிராம் காய் கேட்கிறது. பருப்பையோ முட்டையையோ மீனையோ வேளைக்கு ஒன்று விடாமல் சேர்க்க வேண்டும். டயட்டில் இருப்பவருக்கென்று தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே சமையல், சோற்றின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும். அப்போதுதான் அது மூன்றாம் வாரத்துக்குப் பிறகும் நிற்கும். இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்காக ஒரு பாத்திரம் சுண்டல் வேகவைத்து எடுத்துவைத்தால் நூடுல்ஸின் தேவை பாதி குறையும். அதை வேகவைக்க ஆணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவாக: எடைக் குறைப்பில் வீட்டு அடுப்பே வெல்கிறது, ஆனால் நிபந்தனையோடு. அடுப்பு நம் அளவுக்குக் கட்டுப்படும், ஆலை கட்டுப்படாது. அந்த அளவைப் பிடிக்காத வீட்டில் அடுப்புக்கும் பாக்கெட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. அளவைப் பிடிக்கும் பொறுப்பையும் சமைக்கும் வேலையையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டிவிட்டால் அந்த வீடு பாக்கெட்டுக்கே திரும்பும். டயட் தொடங்குபவர்கள் கடைக்குப் போகுமுன், இந்த மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்ந்தது, எத்தனை கிலோ அரிசி வெந்தது, அடுப்பருகே யார் யார் நின்றார்கள் என்ற மூன்று கணக்கையும் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.